வாசல் இல்லாத அறைகள்: கண்ணாடிக் கார்பன் தூளின் கதை

பிரஷர் குக்கரின் கைப்பிடி தீயில் பட்டுக் கருகியதைப் பார்க்காத சமையலறை குறைவு. அதே சூடு பிளாஸ்டிக் வாளியில் பட்டிருந்தால் உருகி வழிந்திருக்கும். கைப்பிடி உருகுவதில்லை. ஒரு மாதிரி நாறும், ஓரம் கருக்கும், விரலால் அழுத்தினால் நொறுங்கி உதிரும். ஆனால் கடைசி வரை தன் வடிவத்தை விடாது.

அந்தக் கைப்பிடி பேக்கலைட். பினாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து இறுகிய பிசின். 1907-ல் லியோ பேக்லண்ட் இதற்குக் காப்புரிமை கோரினார். இதே வகைப் பிசினைக் காற்றே புகாத உலையில் வைத்து, மெல்ல மெல்ல 1,000 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் ஹைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் வாயுவாக வெளியேறிவிடும். மிஞ்சுவது கார்பன் மட்டும். கறுப்பாக, பளபளப்பாக, உடைத்தால் பாட்டில் சில்லு போலக் கூர்மையான வளைவுகளோடு உடையும் ஒரு பொருள். அதுதான் கண்ணாடிக் கார்பன். பெயரில் கண்ணாடி இருக்கிறதே தவிர, அதில் மணலும் இல்லை, சிலிக்காவும் இல்லை. உடையும் விதத்தையும் மினுக்கையும் பார்த்து வைத்த பெயர்.

தூளாகக் கையில் கிடைத்தால் அது கிராஃபைட்டா கண்ணாடிக் கார்பனா என்று பார்த்துச் சொல்வது கஷ்டம். இரண்டும் கறுப்பு. ஆனால் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்தால் தெரிந்துவிடும். கிராஃபைட் பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்தில் இழுகி மினுங்கும். விரலில் வழவழப்பாக ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக் கார்பன் இழுகாது. நறநறவென்று பொடி மணல் போல உருளும், ஊதினால் பெரும்பாலும் போய்விடும். கிராஃபைட்டில் கார்பன் அடுக்குகள் சீட்டுக்கட்டு போல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதால் லேசாகத் தள்ளினாலே சறுக்கும். இதில் சறுக்குவதற்கு அப்படி நேரான அடுக்கே கிடையாது.

ஏன் கிடையாது என்பதை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ரோசலின்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ. எக்ஸ்-ரே படத்துக்காக உலகம் நினைவு வைத்திருக்கும் அதே ஃபிராங்க்ளின்தான். அதற்கு முன்னால் அவர் வருடக்கணக்கில் ஆராய்ந்தது கரி. 1942 முதல் இங்கிலாந்தில் நிலக்கரியின் நுண்துளைகளை அளந்தார். பிறகு பாரிஸ் ஆய்வகத்தில் பல்வேறு பொருள்களைக் கரியாக்கி எக்ஸ்-ரேயில் பார்த்தார். 1951-ல் வெளியான கட்டுரையில் கார்பன்களை இரண்டு சாதியாகப் பிரித்தார்: 3,000 டிகிரி வரை சூடேற்றினால் கிராஃபைட்டாக மாறுபவை, என்ன சூடேற்றினாலும் மாறாதவை.

அவர் எடுத்துக்கொண்ட ஜோடி அழகானது. ஒன்று பி.வி.சி., அதாவது வீட்டுக் குழாய்க்குப் போடும் பொருள். மற்றொன்று அதன் நெருங்கிய உறவான பி.வி.டி.சி. பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல். மூலக்கூற்றில் ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் குளோரின், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பி.வி.சி. கரி கிராஃபைட்டாகும், பி.வி.டி.சி. கரி ஆகவே ஆகாது. காரணம் நடுவழியில் இருக்கிறது. பி.வி.சி. கரியாவதற்கு முன் ஒரு கட்டத்தில் தார் மாதிரி இளகுகிறது. இளகும்போது அதிலுள்ள தட்டை மூலக்கூறுகள் நகர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. மற்றது இளகுவதற்கு முன்பே குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து இறுகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு சூடு கொடுத்தாலும் சிக்கல் பிரியாது. குக்கர் கைப்பிடி உருகாததும் இதே பிணைப்பால்தான்.

கண்ணாடிக் கார்பனுக்குள் என்ன இருக்கிறது என்பதில் இன்றும் சின்னச் சின்னக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஜென்கின்ஸ், கவமுரா என்ற ஆய்வாளர்கள் 1971-ல் அதைப் பின்னிக் கிடக்கும் நாடாக்கள் என்றார்கள். பின்னர் பீட்டர் ஹாரிஸ், அதில் ஃபுல்லரீன் (கார்பன் அணுக்கள் பந்து போல மூடிக்கொண்ட மூலக்கூறு) போன்ற வளைந்த, மூடிய துணுக்குகள் இருக்கின்றன என்று வாதிட்டார். எப்படிப் பார்த்தாலும் கசங்கிய தாள்களைப் போட்டு அமுக்கிய சாக்குமூட்டை போலத்தான் இருக்கிறது. தாள்களுக்கு நடுவே சில நானோமீட்டர் அகல இடைவெளிகள் ஏராளம். கணக்கே சொல்லிவிடும்: கிராஃபைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.26 கிராம். உயர்சூட்டில் செய்த கண்ணாடிக் கார்பனுக்கு ஏறக்குறைய 1.42 கிராம்தான். அதாவது கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெற்றிடம்.

இவ்வளவு வெற்றிடம் இருக்கும் பொருள் பஞ்சு போல உறிஞ்ச வேண்டும் என்று தோன்றும். உறிஞ்சாது. திரவம் இருக்கட்டும், வாயுவே உள்ளே போகாது, ஹீலியம்கூடச் சிரமப்படும். காரணம், அந்தத் துளைகள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியாக மூடிக் கிடக்கின்றன. உள்ளே கோடிக்கணக்கான அறைகள், ஒன்றுக்கும் வாசல் இல்லை. இந்தப் பொருளை எதற்கு வாங்கலாம், எதற்கு வாங்கக்கூடாது என்பதற்கு இது ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

அந்த அறைகள் எக்ஸ்-ரேயைச் சிதறடிப்பது இவ்வளவு சீராக இருப்பதால், அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் கண்ணாடிக் கார்பன் தகட்டையே அளவுகோலாக விற்கிறது. சிறுகோண எக்ஸ்-ரே சிதறல் கருவிகளைச் சரிபார்க்கும் மாதிரி அது.

இதைப் பொருளாக முதலில் செய்தவர்களில் ஒருவர் பெர்னார்ட் ரெட்ஃபெர்ன். 1950களின் நடுவில் மான்செஸ்டரில் கார்போரண்டம் நிறுவனத்தில் இருந்தார். உலைக்குள் போகும் பீங்கான் மாதிரிகளைச் சேர்த்துப் பிடிக்க ஒட்டிய செலோ டேப், சுட்டு முடித்த பிறகும் வடிவம் மாறாமல் கரியாக நின்றதைக் கவனித்தார் என்று ஒரு கதை உண்டு. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், வினையூக்கி இல்லாமலே இறுகும் ஒரு பினால் பிசினைக் கண்டுபிடித்து, அதில் மூசைகள் (உலையில் வைத்து உருக்கும் பாத்திரங்கள்) செய்து பிரிட்டிஷ் அணுசக்தி ஆய்வகம் போன்ற இடங்களுக்குக் கொடுத்தார். நிறுவனம் இதில் அக்கறை காட்டவில்லை. அவர் பிளெஸ்ஸி நிறுவனத்துக்கு மாறிவிட்டார். சில காலம் கழித்து அணுசக்தித் துறையிலிருந்து ஒரு மூசை வந்தது, 'இதே மாதிரி செய்து தர முடியுமா' என்று. திருப்பிப் பார்த்தால், பிசின் பச்சையாக இருந்தபோது அவரே கீறிய குறி அதில் இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானிலும் இது தனியாக உருவானது. 1962-ல் யமாதாவும் சாட்டோவும் எழுதியது இதைப் பற்றித்தான்.

மூசை செய்வதில் ஒரு பெரிய தலைவலி உண்டு. பிசின் கரியாகும்போது நீராவி, மீத்தேன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் வெளியேற வேண்டும். ஆனால் செய்வதோ வாயு புகாத பொருள். வேகமாகச் சூடேற்றினால் வாயு உள்ளே மாட்டி, பாத்திரம் வீங்கி வெடிக்கும். ஆகவே நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் மெல்லச் சூடேற்றுகிறார்கள். அப்படியும் சுவர் சில மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பாக வராது. சுருக்கமும் பலமாக இருக்கும். நீளத்தில் கால் பங்கு அளவுக்குக் குறைந்துவிடும்.

தூளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உருண்டையின் நடுவிலிருந்து வாயு வெளியேற 5 மைக்ரான் தூரம் கடந்தால் போதும்.

தூள் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பிசினையே முதலில் நுண்ணிய மணிகளாக்கிப் பிறகு கரியாக்கினால், உருகாத குணத்தால் மணி மணியாகவே நிற்கும். அது கோளத் தூள். சுட்டெடுத்த கார்பனை உடைத்து அரைத்தால் சில்லுத் தூள்; ஒவ்வொரு துகளும் கூர்முனையோடு இருக்கும். கோளத் தூள் புனலில் தடையில்லாமல் ஓடும், அச்சில் சீராக நிரம்பும். சில்லு ஒன்றுக்கொன்று கோத்துக்கொண்டு நிற்கும். இதில் எது வேண்டும் என்பதை வேலைதான் தீர்மானிக்கும்.

சுட்ட வெப்பநிலையையும் கேட்டு வாங்க வேண்டும். இங்கே வழக்கத்துக்கு மாறான ஒன்று நடக்கிறது. 1,000 டிகிரியில் நிறுத்தியது அடர்த்தியாகவும் (1.54) கடினமாகவும் இருக்கும். 2,800 டிகிரி பக்கம் கொண்டுபோனது அடர்த்தியும் கடினமும் குறைந்தது. அதிகம் சுட்டால் கெட்டிப்படும் என்பது செங்கலுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது; உள்ளிருக்கும் மூடிய அறைகள் சூட்டில் பெரிதாகிவிடுகின்றன. ஆனால் காற்றில்லாத இடத்தில் 3,000 டிகிரி வரை நிற்பது இந்த இரண்டாவது ரகம்தான். முதல் ரகத்தை அது சுடப்பட்ட சூட்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது.

மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்சாரம் கடத்தும், ஆனால் உலோகம் மாதிரி இல்லை. தாமிரத்தைவிட 2,000 மடங்குக்கு மேல் மோசம். வெப்பத்தையும் சோம்பலாகத்தான் கடத்தும். சூட்டில் மிகக் கொஞ்சமே விரியும். அமிலத்துக்கு அசையாது: அடர் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த கலவை சாதாரண கிராஃபைட்டைப் பொடியாக்கிவிடும், அதே கலவையில் மாதக்கணக்கில் வைத்தாலும் கண்ணாடிக் கார்பன் அப்படியே இருக்கும். கண்ணாடிக் குடுவையைத் தின்னும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கும் இது பாத்திரமாகும். பயப்படுவது சூடான காற்றுக்குத்தான். 500, 600 டிகிரியில் ஆக்சிஜன் பட்டால் மெல்ல எரியத் தொடங்கும். தூளுக்கு வெளிப்பரப்பு அதிகம் என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

வெளிப்பரப்பு என்றதும் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 10 மைக்ரான் விட்டமுள்ள கோளத் தூள் ஒரு கிராமில் சுமார் 127 கோடி உருண்டைகள் இருக்கும். பிரம்மாண்டமாகத் தெரிகிறது. ஆனால் அத்தனையின் மேற்பரப்பையும் கூட்டினால் 0.4 சதுர மீட்டர்தான். ஒரு சின்ன மேசையின் பரப்பு என்று வைத்துக்கொள்ளலாம். குடிநீர் ஃபில்டரில் இருக்கும் ஊக்கமூட்டிய கரி ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர்!

காங்கேயம், பொள்ளாச்சி பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி அனுப்புகிறார்களே, அதுவும் கிராஃபைட்டாக மாறாத சாதிதான். ஃபிராங்க்ளின் பிரித்த அதே பக்கம். இலங்கையில் சிரட்டைக் கரியை வைத்து நடக்கும் ஏற்றுமதித் தொழிலும் இதை நம்பித்தான். அந்தக் கரியை ஆலையில் 800, 900 டிகிரியில் நீராவியோடு வைக்கிறார்கள். நீராவி கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக வெளியேறுகிறது. தின்ற இடமெல்லாம் வாசல். இருந்த அறைகள் திறக்கின்றன, புதியவையும் உண்டாகின்றன. கண்ணாடிக் கார்பன் அதே வம்சத்தில் கதவே வைக்காமல் கட்டிய வீடு.

எனவே தண்ணீரைச் சுத்திகரிக்க, வாசனை உறிஞ்ச, சூப்பர் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தேக்க என்று கண்ணாடிக் கார்பன் தூளை வாங்குவது பணத்தைக் கரியாக்குவதற்குச் சமம். விலையோ தொட்டிக்கரியின் பக்கத்திலேயே வராது. எதையும் உறிஞ்சக்கூடாது, எதோடும் வினை புரியக்கூடாது, ஆனால் மின்சாரமோ சூடோ தாங்க வேண்டும் என்ற இடத்தில்தான் இதற்கு மரியாதை.

மின்வேதியியல் ஆய்வகம் அப்படி ஓர் இடம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸிட்டலும் மில்லரும் 1965-ல் கண்ணாடிக் கார்பனை மின்முனையாக்கிக் காட்டியதிலிருந்து, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் முதல் சாதாரணக் கல்லூரி ஆய்வகம் வரை இது இல்லாத மேசை அபூர்வம். வெள்ளைக் குழாயின் நுனியில் 3 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம், அவ்வளவுதான். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். ஈரத் துணியில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தூளைக் குழைத்து, மின்முனையைச் செங்குத்தாகப் பிடித்து, எட்டு போட வேண்டும். முதலில் 1 மைக்ரான் தூள், அடுத்து 0.3, கடைசியில் 0.05. வட்டமாகத் தேய்த்தால் ஒரே பக்கம் கீறல் விழும் என்பதால் எட்டு. லைசென்ஸ் வாங்க பைக்கில் எட்டு போட்டதைவிட இதில் அதிகம் போட்டவர்கள் ஆராய்ச்சி மாணவர்கள். தேய்த்து முடித்துக் கழுவி ஃபெர்ரிசயனைடு கரைசலில் விட்டு மின்னோட்ட வரைபடம் எடுத்தால், அதன் இரண்டு முகடுகளுக்கும் இடையே 59 மில்லிவோல்ட் வர வேண்டும் என்கிறது கோட்பாடு. 70 வந்தாலே அன்றைக்கு நல்ல நாள். 120 வந்தால் மறுபடி எட்டு.

தூளின் வேலை இங்கே வேறு வழியில் வருகிறது. 1958-ல் ரால்ஃப் ஆடம்ஸ் கார்பன் தூளை நீரில் கலக்காத ஒரு திரவத்தில் பிசைந்து பசையாக்கி மின்முனை செய்தார். மேற்பரப்பு கெட்டால் துளி பிதுக்கித் தாளில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், புது முகம் தயார். எட்டெல்லாம் வேண்டாம். ஆடம்ஸ் வழியில் பெரும்பாலும் கிராஃபைட் தூளைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். 2001-ல் ஜோசப் வாங் குழு கண்ணாடிக் கார்பன் நுண்கோளங்களைக் கனிம எண்ணெயில் பிசைந்து பார்த்து, எலக்ட்ரான் பரிமாற்றம் கிராஃபைட் பசையைவிட வேகமாக நடப்பதைக் காட்டியது. நொதி, உலோக நானோத்துகள் எதையும் பசையோடு சேர்த்தே பிசையலாம் என்பதால், குளுக்கோஸ் போன்றவற்றை அளக்கும் உணரிகளை ஆராய்பவர்களுக்கு இது வசதி. எண்ணெய் கூடினால் மின்தடை கூடும், குறைந்தால் பசை உதிரும். அந்தப் பதம் சப்பாத்தி மாவுப் பதம் போல, கைக்குத்தான் பழக வேண்டும்.

எனக்கு இதில் மிகப் பிடித்த பயன்பாடு, ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை அளக்கும் ஐசோடோப்பு ஆய்வகத்தில் இருக்கிறது. தேக்கு மரத்தின் ஆண்டு வளையத்திலிருந்து பிரித்தெடுத்த செல்லுலோஸில் கன ஆக்சிஜன் (அணு எடை 18) எவ்வளவு, சாதாரண ஆக்சிஜன் எவ்வளவு என்று தெரிந்தால் அந்த வருடத்து மழையைப் பற்றிப் பேச முடியும். அதற்கு அந்த ஆக்சிஜன் முழுவதையும் ஒரே வாயுவாக மாற்ற வேண்டும். செய்வது இப்படி: ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான செல்லுலோஸை வெள்ளித் தாளில் பொட்டலம் மடித்து, 1,400 டிகிரிக்கு மேல் இருக்கும் செங்குத்துக் குழாயில் போடுகிறார்கள். குழாய் கண்ணாடிக் கார்பன். உள்ளே நிரப்பியிருப்பது கண்ணாடிக் கார்பன் சில்லுகள். பொட்டலம் விழுந்த நொடியில் வெள்ளி உருகி, செல்லுலோஸ் சிதைந்து, அதன் ஆக்சிஜன் எல்லாம் சில்லுகளின் கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக ஓடி வருகிறது. தண்ணீர்த் துளியைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும். தொட்டிக்கரியில் வாசல் திறந்த அதே வினைதான். இங்கே தேவைப்படுவது வாசல் அல்ல, வாயு.

ஏன் சாதாரணப் பீங்கான் குழாய் கூடாது? அலுமினாப் பீங்கானிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. அந்தச் சூட்டில் அது மாதிரியின் கார்பன் மோனாக்சைடோடு கலந்தால், அளப்பது மரத்தின் ஆக்சிஜனா குழாயின் ஆக்சிஜனா என்று தெரியாது. அதனால் வெளியே பீங்கான் குழாய், உள்ளே அதைத் தொடாமல் கண்ணாடிக் கார்பன் குழாய். ஏன் தொட்டிக்கரி கூடாது? துளை நிறைந்த கரி போன மாதிரியின் வாயுவைக் கொஞ்சம் பிடித்து வைத்து அடுத்த மாதிரியோடு விடும். வாசல் இல்லாத வீட்டில் விருந்தாளி தங்க முடியாது. பழச்சாறு செறிவில் குழாய்த் தண்ணீர் கலந்து 'அசல் சாறு' என்று விற்பதைக் கண்டுபிடிக்கவும் இந்த ஆக்சிஜன் கணக்கு உதவுகிறது. பழத்துக்குள் இருக்கும் நீர், இலையில் ஆவியானதுபோக மிஞ்சியது என்பதால் கொஞ்சம் கனமாக இருக்கும்.

எடின்பரோவில் ஜான் நாக்ஸ் வேறு திசையில் போனார். வாசல் இல்லாவிட்டால் வைத்துக் கட்டலாமே என்றார். துளைகள் நிறைந்த சிலிக்கா மணிகளுக்குள் பினால் பிசினை நிரப்பி, கரியாக்கி, பிறகு காரத்தில் சிலிக்காவை மட்டும் கரைத்துவிட்டார். சுவாமிமலையில் சிலையை எடுக்க அச்சை உடைப்பது போலத்தான். மிஞ்சியது துளையுள்ள கண்ணாடிக் கார்பன் மணி. அதை 2,000 டிகிரிக்கு மேல் சூடேற்றி மேற்பரப்பைச் சீராக்கிய வடிவம் இன்று, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபி குழாய்களில் இருக்கிறது. சர்க்கரை போல நீரோடு ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளைப் பிரிக்க, வழக்கமான சிலிக்கா கைவிடும் இடத்தில் இதைத் தேடுகிறார்கள்.

கண்ணாடிக் கார்பனை அலுமினியத்தில் கலந்து தேய்மானம் குறைந்த உருளைகள் செய்வது பற்றி போலந்தின் சைலீசிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலமாக ஆராய்கிறார்கள். 1970களில் கட்டி வடிவில் செயற்கைப் பல் வேராகவும் வைத்துப் பார்த்தார்கள். எளிதில் உடையும் பொருளைத் தாடையில் வைத்தது நிலைக்கவில்லை.

சோடியம் பேட்டரிதான் இப்போது இந்தச் சாதிக் கார்பனுக்குப் புது மவுசைக் கொண்டுவந்திருக்கிறது. லித்தியம் பேட்டரியில் கிராஃபைட் செய்யும் வேலையைச் சோடியத்துக்கு அதனால் செய்ய முடியாது; அடுக்குகளுக்குள் சோடியம் சரியாகத் தங்குவதில்லை. 2000-ல் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன்ஸும் ஜெஃப் டானும் குளுக்கோஸைக் கரியாக்கி, அந்தக் கடினக் கார்பன் ஒரு கிராமில் 300 மில்லி ஆம்பியர் மணி வரை சோடியம் தேக்கும் என்று காட்டினார்கள். அதன் அமைப்பைச் சீட்டுக்கட்டு வீட்டோடு ஒப்பிட்டார்கள். கடினக் கார்பனும் கண்ணாடிக் கார்பனும் ஒரே பொருள் அல்ல, பங்காளிகள். 2021-ல் சீனாவின் சி.ஏ.டி.எல். சோடியம் பேட்டரியை அறிவித்தது. அந்த வருடக் கடைசியில் ரிலையன்ஸ், பிரிட்டனின் சோடியம் பேட்டரி நிறுவனமான ஃபாராடியனை வாங்குவதாகச் சொன்னது.

வேடிக்கை என்னவென்றால், பேட்டரிக்காரர்களுக்கு வேண்டியது மூடிய அறைதான். துளை திறந்திருந்தால் மின்பகு திரவம் உள்ளே புகுந்து, முதல் மின்னேற்றத்திலேயே சோடியத்தில் ஒரு பங்கை வீணடித்துவிடும். மூடியிருந்தால் திரவம் வெளியே நிற்கும். சோடியம் அயனி மட்டும் கசங்கிய அடுக்குகளின் இடுக்கு வழியாக ஊர்ந்து போய் உள்ளே குவியும். தேங்காய்த் தொட்டியிலிருந்தும் இத்தகைய கடினக் கார்பனைச் செய்கிறார்கள். நீராவி கொடுத்து வாசல் திறக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, இன்னும் அதிகமாகச் சுடுகிறார்கள்.